வாடகை வீட்டு நஷ்டத்தை வரியில் கழிக்கலாமா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

குமரி மாவட்டத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம், வருகிற வாடகையைவிடக் கட்டுகிற வட்டி அதிகம், இந்த நஷ்டத்தை வருமான வரியில் எப்படிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறார்கள். 2025-26 நிதியாண்டுக்கான ரிட்டர்னை மனதில் வைத்துப் பதில் எழுதுகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும், அதனால் குழம்ப வேண்டாம்.

கேள்வி: திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை, ஆண்டுச் சம்பளம் 14 லட்சம். நாகர்கோவிலில் ஹவுசிங் லோன் போட்டு வாங்கிய பிளாட்டை மாதம் 12,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வட்டி மட்டும் வருஷத்துக்கு 3,60,000 போகிறது. புதிய வரி முறைக்குப் போனால் இந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது என்று ஆபீஸில் சொன்னதால் பழைய முறையிலேயே இருக்கிறேன். சரிதானே?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஆபீஸில் சொன்னது சரி. ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டுப் பழைய முறையில் உட்கார்ந்திருப்பது சரியா என்பது வேறு கேள்வி, அதற்குக் கணக்குப் போட்டே ஆக வேண்டும், போட்டுவிடுவோம்.

வருஷ வாடகை 1,44,000. மாநகராட்சிக்கு நீங்கள் கட்டிய சொத்து வரி 4,000 என்று வைத்துக்கொள்வோம் (கட்டியிருந்தால் மட்டும்தான் கழிவு, பாக்கி வைத்திருந்தால் கிடையாது). மீதி 1,40,000. இதில் 30 சதவீதம், அதாவது 42,000, பராமரிப்புக்காகச் சட்டமே தள்ளிவிடுகிறது. மீதி 98,000. இதிலிருந்து வட்டி 3,60,000-ஐக் கழித்தால் 2,62,000 ரூபாய் நஷ்டம். நீங்கள் கடிதத்தில் இஎம்ஐ முழுவதையும் கழித்து இதைவிடப் பெரிய தொகை எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. இஎம்ஐயில் இருக்கும் அசல் இந்தக் கணக்குக்குள் வராது, அதற்கு 80சி-யில் (சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்குக் கழிவு தரும் சட்டப் பிரிவு) தனி இடம் இருக்கிறது, அதுவும் பழைய முறையில் மட்டும்.

பழைய முறையில் இந்த 2,62,000-ல் 2 லட்சம் வரைதான் சம்பளத்தில் கழிக்கலாம். 2017-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வந்த கட்டுப்பாடு இது. அதற்கு முன் வாடகை வீட்டு நஷ்டம் எவ்வளவு இருந்தாலும் முழுவதையும் கழித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் 62,000-ஐ அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். இப்போது உங்கள் வரி: 14 லட்சத்தில் நிலைக்கழிவு (சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் கழிவு) 50,000, வீட்டு நஷ்டம் 2 லட்சம், 80சி-யில் முழு ஒன்றரை லட்சம் இருப்பதாக வைத்துக்கொண்டால் அதையும் கழித்து, சரியாக 10 லட்சம். வரியும் செஸ்ஸும் (வரி மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 1,17,000 ரூபாய்.

புதிய முறையில் வீட்டு நஷ்டம் சம்பளப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. 80சி கிடையாது. நிலைக்கழிவு 75,000 மட்டும். வரிக்கு உட்பட்ட வருமானம் 13,25,000. இந்த முறையில் வரி விகிதம் குறைவு என்பதால் வரி 78,750, செஸ் சேர்த்து 81,900. அதாவது நஷ்டத்தை முழுசாகக் கைவிட்ட பிறகும் உங்களுக்கு 35,100 ரூபாய் மிச்சம்!

புதிய முறையில் வட்டிக்குக் கழிவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் அப்படியல்ல. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அந்த வாடகை அளவுக்கு வட்டி கழிந்துவிடும், உங்கள் 98,000 ரூபாய்க்கு வரி வராது. வாடகையைத் தாண்டிய நஷ்டம்தான் மற்ற வருமானத்தில் கழியாது. இன்னொரு வீடு இருந்து அதில் லாபம் வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குத்தான் புதிய முறையில் எதுவுமே இல்லை.

அப்படியானால் பழைய முறை உங்களுக்கு எப்போது லாபம்? மேலே சொன்ன கழிவுகளுக்கு மேல் இன்னும் 1,68,750 ரூபாய்க்கு அதிகமாகக் கழிவு இருந்தால். திருவனந்தபுரத்தில் வாடகைக்குத் தங்கி எச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) வாங்குகிறவர் என்றால் அந்த விலக்கிலேயே இது வந்துவிடலாம், சொந்த வீட்டை வாடகைக்கு விட்டிருப்பது எச்.ஆர்.ஏ.வுக்குத் தடை இல்லை. தினமும் மார்த்தாண்டத்திலிருந்து போய் வருகிறவர் என்றால் பழைய முறையில் இருக்க உங்களுக்குக் காரணமே இல்லை. ஆபீஸில் எந்த முறையைச் சொல்லியிருந்தாலும், வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆண்டும் இரண்டையும் போட்டுப் பாருங்கள். வங்கியில் கடன் வாங்கும்போது “வரி மிச்சமாகும் சார்” என்று சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கேள்வி: குளச்சலில் கடற்கரைப் பக்கம் அப்பா கட்டிய வீடு, இப்போது என் பெயரில். மாதம் 8,000 ரூபாய் வாடகை. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்து, உத்தரத்துக் கம்பி ஊதிக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்ததால் இந்த ஆண்டு 1,40,000 ரூபாய் செலவழித்து ரிப்பேர் செய்தேன். வாடகை 96,000 தானே, 44,000 நஷ்டம் என்று காட்டலாமா? வீட்டு வாடகையை வியாபாரமாகக் காட்டினால் செலவைக் கழிக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.
– வாசகர், குளச்சல்

பதில்: காட்ட முடியாது. உங்கள் கைப்பணம் போயிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் சட்டம் உங்கள் பில்களைப் பார்ப்பதே இல்லை. வாடகையிலிருந்து வீட்டு வரியைக் கழித்த பிறகு 30 சதவீதம், அவ்வளவுதான். ஒரு ரூபாய் செலவழிக்காதவருக்கும் அதே 30, ஒன்றரை லட்சம் செலவழித்தவருக்கும் அதே 30. தரகர் கமிஷன், பெயின்ட், கிணறு தூர்வாரியது, மழைக்கு முன்னால் ஓடு மாற்றியது எல்லாம் அதற்குள் அடக்கம். நீங்கள் கட்டிய வீட்டு வரி 2,000 என்றால் 94,000-ல் 28,200 போக 65,800 ரூபாய் வருமானம் என்றுதான் வரும். இது கடலோரத்து வீட்டுக்காரர்களுக்கு அநியாயமாகத்தான் படுகிறது. குலசேகரத்தில் இருக்கும் வீட்டுக்கும் குளச்சலில் அலைச் சாரல் படும் வீட்டுக்கும் பராமரிப்பு ஒன்றாகுமா? ஆனாலும் விதி இதுதான்.

வியாபாரமாகக் காட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விட்டு வரும் வருமானத்தை உரிமையாளர் வீட்டு வருமானமாகத்தான் காட்ட வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் தெளிவாகவே எழுதி அந்த வழியை மூடிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் செய்யலாம், ஆனால் அது செலவழிக்கும் முன் யோசித்திருக்க வேண்டியது. ரிப்பேருக்குக் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டி கழிவாகும். ஹவுசிங் லோன்தான் என்று இல்லை. நம் மாவட்டத்தில் வீட்டு வேலை என்றால் முதலில் நகைதானே அடகுக்குப் போகிறது, அந்த நகைக்கடன் வட்டியும் கழிவாகும். தெரிந்தவரிடம் எழுதி வாங்கிய கடனுக்கும் பொருந்தும். பணம் வீட்டு வேலைக்குத்தான் போனது என்று காட்ட முடிய வேண்டும், அதுதான் நிபந்தனை. நகைக்கடன் தொகை வங்கிக் கணக்கில் விழுந்து, அதிலிருந்து சிமென்ட் கடைக்கும் மேஸ்திரிக்கும் போயிருந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ரொக்கமாக எடுத்து, அதில் பாதி பெண்ணின் காலேஜ் பீஸுக்குப் போனது என்றால் அந்தப் பாதியின் வட்டி சேராது. நீங்கள் கடன் எதுவும் வாங்கவில்லை என்பதால் இந்த ஆண்டு கழிக்க ஒன்றும் இல்லை. ஆனால் உத்தரத்தை உடைத்துக் கட்டியது போன்ற பெரிய வேலையின் பில்களைப் பத்திரமாக வையுங்கள். வீட்டை விற்கும் நாளில் அவற்றை மேம்பாட்டுச் செலவாகக் காட்ட வாய்ப்பு உண்டு.

கேள்வி: எங்கள் வீட்டை 6 லட்சம் ரூபாய்க்கு ஒத்திக்குக் கொடுத்திருக்கிறோம். மாத வாடகை கிடையாது. வீட்டுக்கு ஹவுசிங் லோன் வட்டி கட்டுகிறோம். வாடகையே இல்லாததால் வட்டி முழுவதும் நஷ்டம்தானே?
– வாசகி, தக்கலை

பதில்: இந்தக் கேள்வியை நான் மிகவும் எதிர்பார்த்தேன். ஏனென்றால் மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் வரி விளக்கங்களில் ஒத்தி என்ற ஏற்பாடே வருவதில்லை, நம் பக்கத்திலோ எந்தத் தெருவில் கேட்டாலும் ஒத்திக்கு வீடு உண்டு.

வாடகை வாங்காததால் வாடகை பூஜ்யம் என்று காட்ட முடியாது. வாடகைக்கு விட்ட வீட்டின் ஆண்டு மதிப்பு என்பது கையில் வாங்கிய வாடகை மட்டும் இல்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சட்டம் பார்க்கிறது, இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் அதே மாதிரி வீடு மாதம் 7,000-க்குப் போகிறது என்றால் வருஷம் 84,000 என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், நகராட்சி வரிக்காகப் போட்டிருக்கும் மதிப்பும் இதில் பார்க்கப்படும். அதிலிருந்து கட்டிய வரி, 30 சதவீதம், பிறகு வட்டி. வட்டி பெரிதாக இருந்தால் நஷ்டம் வரும், வரட்டும், ஆனால் முழு வட்டியும் நஷ்டம் ஆகாது.

அதே சமயம், 6 லட்சத்தை வங்கியில் போட்டிருந்தால் இவ்வளவு வட்டி வந்திருக்கும், அதையும் வாடகையாகச் சேர் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முன்பணத்துக்கான கற்பனை வட்டியைக் கையில் வாங்கிய வாடகையாகச் சேர்க்க முடியாது என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. உண்மையாகவே டெபாசிட் போட்டு வட்டி வாங்கினால் அந்த வட்டி தனி வருமானம்.

இதைவிட முக்கியமான விஷயம் பணம் கை மாறிய விதம். ஒத்திப் பணத்தை ரொக்கமாகக் கட்டுக் கட்டாக எண்ணி வாங்குவது இன்னும் நடக்கிறது. கடனாகவோ டெபாசிட்டாகவோ 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது, திருப்பிக் கொடுப்பதும் அப்படியே. மீறினால் அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே வரலாம். நஷ்டக் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், 6 லட்ச ரூபாய் அபராதத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். காலம் முடிந்து திருப்பிக் கொடுக்கும்போதாவது வங்கி வழியாகவே கொடுங்கள். ஒத்திக்கு வீடு எடுத்தவருக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் வாடகை கொடுக்கவில்லை, ஆகவே ஆபீஸில் எச்.ஆர்.ஏ. விலக்கு கேட்க முடியாது.

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். கருங்கலில் அவன் பெயரில் உள்ள வீட்டை மாதம் 15,000-க்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம், வாடகை என் கணக்கில்தான் விழுகிறது. லோன் வட்டி வருஷம் 2,50,000. எனக்கு வேறு வருமானம் இல்லாததால் என் பெயரில் வாடகையைக் காட்டிவிடலாம் என்கிறார்கள். அவனுக்கு நஷ்டம் என்றால் ரிட்டர்ன் போட வேண்டுமா?
– ஒரு தாய், கருங்கல்

பதில்: அம்மா, பணம் உங்கள் கணக்கில் விழுந்தாலும் வருமானம் மகனுடையதுதான். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரி, பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருப்பது அதை மாற்றாது. உங்கள் பெயரில் காட்ட வேண்டாம். முடிந்தால் வாடகையை மகனின் என்.ஆர்.ஓ. கணக்குக்கே (வெளிநாட்டில் இருப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போடும் வங்கிக் கணக்கு) போகச் சொல்லுங்கள்.

வருஷ வாடகை 1,80,000. வீட்டு வரி 3,000 போக 1,77,000. அதில் 30 சதவீதம் 53,100 போனால் 1,23,900. வட்டியைக் கழித்தால் நஷ்டம் 1,26,100. துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை, ஆகவே அதில் கழிக்கும் பேச்சும் இல்லை. என்.ஆர்.ஓ. டெபாசிட் வட்டி இருந்தால் பழைய முறையில் அதில் கழிக்கலாம், மீதியை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம்.

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருப்பவருக்கு வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர் டிடிஎஸ், அதாவது வாடகையிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரியை, பிடித்துக் கட்ட வேண்டும். உள்ளூர் வீட்டுக்காரர் என்றால் மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் அந்தக் கதை. என்.ஆர்.ஐ. வீட்டுக்கு அந்த வரம்பு கிடையாது, விகிதமும் செஸ்ஸோடு 31.2 சதவீதம். பாவம், 15,000 வாடகை கொடுக்கிற மனிதருக்கு இது எங்கே தெரியப் போகிறது? ஆனால் பிடிக்காவிட்டால் பொறுப்பு அவர் தலையில் விழும். மகன் வருமான வரித் துறையில் விண்ணப்பித்துக் குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றிதழ் வாங்கிக் குடித்தனக்காரரிடம் கொடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது.

அப்படிப் பிடித்த பணத்தையும், வங்கி என்.ஆர்.ஓ. வட்டியில் பிடித்ததையும் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். உங்கள் மகனுக்கு இங்கே வரியே வராது, பிடித்தது முழுவதும் திரும்பக் கிடைக்கும். வளைகுடாவில் இருக்கும் எத்தனையோ பிள்ளைகள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இங்கே வாடகையும் வட்டியும் அதிகம் வருகிறவர்கள் மட்டும் கவனிக்க: 12 லட்சம் வரை வரி இல்லை என்கிற தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்குத்தான், என்.ஆர்.ஐ.களுக்குக் கிடையாது. அவர்களுக்குப் புதிய முறையில் 4 லட்சத்துக்கு மேல் போனாலே வரி ஆரம்பம்.

கேள்வி: நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டி 2,80,000. சொந்த வீடு என்றால் 2 லட்சம்தான் கழிவு. தம்பிக்கு மாதம் 3,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டதாக ஒரு அக்ரிமென்ட் போட்டால் முழு வட்டியும் கிடைக்கும் என்று வரி பார்த்துக் கொடுப்பவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: செய்யாதீர்கள். இப்படிச் சொல்கிறவரிடம் இனிமேல் போகவும் வேண்டாம்.

பொய் என்பது ஒரு பக்கம். அவர் சொல்வதில் லாபமும் இல்லை என்பதை அவர் உங்களுக்குச் சொல்லவில்லை. குடியிருக்கும் வீடு என்று உண்மையைச் சொன்னால் பழைய முறையில் 2 லட்சம் கழியும். தம்பிக்கு விட்டதாக எழுதினால், 36,000 வாடகையில் 30 சதவீதம் போக 25,200, அதிலிருந்து 2,80,000 கழித்து 2,54,800 நஷ்டம், அதிலும் மற்ற வருமானத்தில் கழிவது அதே 2 லட்சம்தான்! மிச்சத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோய் என்ன செய்வீர்கள்? அது வீட்டு வருமானத்தில் மட்டும்தான் கழியும், உங்களுக்கு அப்படி ஒரு வருமானமே இல்லை. புதிய முறையிலும் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. கிடைக்காத லாபத்துக்காகப் பொய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது உங்கள் தம்பியையும் சேர்த்து இழுத்து விடுவதாகும். தெரிந்தே தவறாகக் காட்டி வரி குறைத்ததாகக் கண்டுபிடித்தால் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். ரிட்டர்னில் போவது உங்கள் பெயரும் உங்கள் பான் எண்ணும்தான். நோட்டீஸ் வரும் நாளில் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு டைப் செய்து கொடுத்தவர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

தம்பி உண்மையிலேயே ஒரு பகுதியில் குடியிருந்து, உண்மையிலேயே வாடகை கொடுத்து, அது வங்கியில் வந்தால் அது வேறு விஷயம். உறவினருக்கு வாடகைக்கு விடக் கூடாது என்று சட்டம் இல்லை.

கேள்வி: என் சம்பாத்தியத்தில் மனைவி பெயரில் வீடு வாங்கினேன். வாடகை அவள் கணக்கில். வருமானத்தை அவள் பெயரில் காட்டலாமா? நஷ்டம் வந்தால்?
– வாசகர், குழித்துறை

பதில்: உங்கள் பணத்தில் வாங்கியது என்றால் வருமானம் உங்களோடுதான் சேரும். நஷ்டமும் அப்படியே உங்களோடு சேரும், அது உங்களுக்குப் பாதகம் இல்லை. மனைவி தன் நகையை விற்றோ தன் சம்பளத்திலோ போட்ட பங்கு இருந்தால் அந்தப் பங்கு மட்டும் அவருடையது. கல்யாணத்துக்கு மாமனார் மகளுக்கு எழுதிக் கொடுத்த வீடு என்றால் கதையே வேறு, அது முழுக்க அவருடைய வருமானம்.

இதில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுக்கு வாங்கிய கடனை அப்பாவே கட்டிக்கொண்டிருப்பார். அப்பா உரிமையாளர் இல்லை, மகள் கடன் வாங்கியவர் இல்லை, ஆக அந்த வட்டி இரண்டு பேருக்கும் கழிவாகாமல் போகும். பத்திரம் எழுதும் முன் யோசியுங்கள். கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கி, கூட்டாகக் கடன் எடுத்து, இருவரும் கட்டினால் பழைய முறையில் ஆளுக்கு 2 லட்சம் வரை தனித்தனியாகக் கழிக்கலாம். பத்திரத்தில் பங்கு தெளிவாக இருக்கட்டும்.

கேள்வி: ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி பக்கத்தில் வீடு. குடியிருந்தவர் நான்கு மாத வாடகை தராமல் காலி செய்துவிட்டார். அதன் பிறகு மூன்று மாதம் சும்மா கிடந்தது. வராத வாடகைக்கும் வரி கட்ட வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: காலியாகக் கிடந்த மூன்று மாதத்துக்கு வேண்டாம். ஆள் கிடைக்காமல் காலியாக இருந்ததால் வாடகை குறைந்தால் குறைந்த தொகையையே காட்டலாம். விளம்பரம் கொடுத்தது, தரகரிடம் சொன்ன மெசேஜ் ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள், மின் கட்டண ரசீதே நல்ல சாட்சி, மீட்டர் ஓடியிருக்காது.

தராமல் போன நான்கு மாத வாடகையைக் கழிக்கச் சில நிபந்தனைகள் உண்டு. குடித்தனம் உண்மையானதாக இருக்க வேண்டும், அவர் காலி செய்திருக்க வேண்டும் அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், உங்களுடைய வேறு வீட்டில் அவர் இருக்கக் கூடாது, பாக்கியை வசூலிக்க வழக்குப் போட்டிருக்க வேண்டும் அல்லது வழக்குப் போட்டாலும் பயனில்லை என்று அதிகாரிக்கு ஏற்கும்படி விளக்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். குறைந்தபட்சம் வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸாவது அனுப்பி வையுங்கள். பிற்பாடு அந்தப் பணம் வந்தால், வந்த ஆண்டில் 30 சதவீதம் போக மீதிக்கு வரி.

கேள்வி: மகள் அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கிவிட்டாள். குலசேகரத்தில் அவள் பெயரில் உள்ள வாடகை வீட்டு நஷ்டத்தை இங்கே காட்டினால் போதுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: போதாது. கிரீன் கார்டு உள்ளவர் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அங்கேயும் காட்ட வேண்டும், நஷ்டமே ஆனாலும். அங்கே கணக்கு வேறு மாதிரி. நம் 30 சதவீதம் கிடையாது, உண்மையாகச் செய்த ரிப்பேர் செலவைக் கழிக்கலாம், கட்டடத்துக்குத் தேய்மானமும் உண்டு. 2018 முதல் வாடகைக்கு விட்ட வெளிநாட்டுக் குடியிருப்பு வீடு என்றால் நிலத்தின் மதிப்பை நீக்கிவிட்டுக் கட்டடச் செலவை 30 ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிப்பார்கள். இங்கே லாபம் காட்டும் வீடு அங்கே நஷ்டம் காட்டுவது இதனால்தான்.

அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க அங்கேயும் வரம்பு இருக்கிறது. வீட்டு விவகாரங்களைத் தானே முடிவு செய்கிறவர் என்றால் 25,000 டாலர் வரை. வருமானம் 1 லட்சம் டாலரைத் தாண்டினால் அது குறைந்துகொண்டே வந்து ஒன்றரை லட்சத்தில் இல்லாமல் போகும். கழிக்க முடியாத நஷ்டம் காலாவதி ஆகாது, வருங்கால வாடகை லாபத்திலும், கடைசியில் வீட்டை விற்கும்போதும் பயன்படும். அவர்களுக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நமக்கு ஏப்ரலில். ஆகவே வாடகை, வட்டி, வரி எல்லாவற்றையும் மாதவாரியாக எழுதி மகளுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே இருக்கும் ஆடிட்டருக்கு வேலை சுலபமாகும்.

கேள்வி: கொண்டுபோகும் நஷ்டம் எத்தனை ஆண்டு செல்லும்? எந்தப் படிவம்? தேதி தவறினால் என்ன ஆகும்?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: எட்டு மதிப்பீட்டு ஆண்டுகள் (மதிப்பீட்டு ஆண்டு என்பது நிதியாண்டுக்கு அடுத்து வரும் ஆண்டு). 2023-24 நிதியாண்டின் நஷ்டம் என்றால் 2032-33 மதிப்பீட்டு ஆண்டு வரை உயிரோடு இருக்கும். வீட்டு வருமானத்தில் மட்டும் கழிக்கலாம், சம்பளத்திலோ டெபாசிட் வட்டியிலோ முடியாது.

ஒரே வீடுதானே என்று ஐடிஆர்-1 போட்டுவிடாதீர்கள். அதில் நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக இடமே இல்லை, ஐடிஆர்-2 போட வேண்டும். தேதியைப் பொறுத்தவரை, ஜூலை 31 தாண்டிப் போட்டால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும், தானாகவே புதிய முறைக்குள் விழுவீர்கள், சம்பளத்தில் கழிக்க இருந்த 2 லட்சமும் அத்தோடு போகும். ஆகஸ்டில் இதைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு யாராலும் எதுவும் செய்ய முடிவதில்லை. வங்கியிலிருந்து வட்டிச் சான்றிதழையும், வீட்டு வரி ரசீதையும் ஜூன் மாதமே வாங்கி வையுங்கள். ரிட்டர்ன் போட்ட பிறகு நஷ்டம் எழுதியிருக்கும் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, ஒப்புகைச் சீட்டோடு வீட்டுப் பத்திரம் இருக்கும் பைலிலேயே போட்டுவிடுங்கள்.